அப்பாவின் கட்டிலுக்கு எறும்பு வந்த வழி

எறும்பைப் பார்த்து அலறிய ஐம்பது வயது ஆம்பளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், அப்பாவுக்கு லுங்கி மாற்றலாம் என்று போர்வையை விலக்கினேன். அவருடைய இடது காலில் முழங்காலுக்குக் கீழே சிவப்பு மணலைத் தூவி விட்டதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தேன். மணல் நகர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பக்கத்து வீட்டில் யாரோ, "பெரியவரு போயிட்டாரு போலக்குது" என்று சொன்னது சன்னல் வழியே கேட்டது.

போய்விட்டதாகச் சொல்லப்பட்ட பெரியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாடா?"

"எறும்புப்பா! காலு பூரா எறும்பு!"

"எந்தக் காலு?"

"எடது காலு."

"அது என்னுது இல்லடா. அத ஆஸ்பத்திரியிலயே வுட்டுட்டு வந்துட்டேன்."

அந்த வருடம் கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. இடது கை, இடது கால், இடது கன்னம் மூன்றுக்கும் உணர்ச்சி போய்விட்டது. பேச்சு குழறியது, நக்கல் மட்டும் குழறவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகள் ஏலத்துக்கு வந்து இறங்கும் மார்க்கெட் கமிட்டியில் காலமெல்லாம் எடை போட்டவர் அவர். வியாபாரி, விவசாயி, மூட்டை தூக்குகிறவர் என்று மூன்று பக்கமும் பேசிச் சமாளித்த வாய். அந்த வாய் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நேரத்தில் நான் டவலால் எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டத் தட்ட அவை என் கையில் ஏறின. என் கையில் கடித்தது எனக்கு வலித்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. ராத்திரி முழுக்கக் கடித்திருக்கின்றன. மனிதர் எதுவும் தெரியாமல் அந்தக் காலோடேயே தூங்கியிருக்கிறார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் சின்னதாக ஃபிளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மேல்மலையனூர் அமாவாசைக்கு அன்னதானம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில் அடிப்போம். டிசைனை வீட்டிலேயே முடித்துவிட்டு, பிரிண்ட் எடுக்க மட்டும் மதியம் ரயில் பிடித்துப் போய் சாயங்காலம் திரும்புவேன். மனைவி மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தாள். நான் இல்லாத நேரத்தில் பின்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார்.

அந்த அம்மா நல்லவர். நல்லவர் என்பதால் விழுப்புரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு உடனே போன் போட்டு எறும்பு விஷயத்தைச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் அக்கா வந்து இறங்கினாள். அப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சிவப்புத் தடிப்புகளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அவருக்குத்தான் மரத்துப்போச்சு. உனக்குக் கண்ணு இருக்குதில்லடா?"

"அக்கா, மழ பேஞ்சா எறும்பு உள்ள வரும். எல்லார் வூட்டுலயும்தான்."

"எல்லார் வூட்டுலயும் ஆளு மேல ஏறாது. இன்னொருவாட்டி இந்த மாதிரி தடிப்பு பாத்தேன், அன்னிக்கே வண்டி வெச்சி அப்பாவ ஏத்திக்கினு போயிடுவேன். நீ பேனர் அடிச்சிக்கினு இரு."

அவள் வீடு இரண்டாவது மாடி. டைல்ஸில் முகம் தெரியும். ஆஸ்பத்திரியும் பக்கம். அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அப்பா சொல்லியிருந்தார்: "எங்கயும் தூக்கிக்கினு போவாதீங்க. என் வூட்டுல சாவறேன்." கமிட்டி சம்பளத்தில் ஒரு வருடம் ஒரு சுவர், மறு வருடம் இன்னொரு சுவர் என்று எழுப்பிய வீடு. அக்கா கிளம்பிப் போனதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நக்கல் இல்லை. "எறும்ப எதாவது பண்ணுடா" என்றார். அவ்வளவுதான்.

பண்ணினேன். போருக்குப் போகிறவன்போலக் கடைக்குப் போனேன். "மருந்து எதுக்குங்க, எறும்புக்கா எலிக்கா?" என்றார் கடைக்காரர். "எறும்புக்கு." "நெறையாவா, கொஞ்சமாவா?" "எண்ணிக்கினு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கோடு போடும் சாக்பீஸ், தூவும் பவுடர், அடிக்கும் ஸ்பிரே மூன்றையும் வாங்கிவந்தேன். கட்டிலைச் சுற்றி சாக்பீஸால் கோடு கிழித்தேன். பதற்றத்தில் கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு கிழித்ததால், வெளியே வரத் தாண்டிக் குதித்து, வழுக்கி, ஒரு பக்கக் கோட்டை நானே அழித்தேன். ஸ்பிரே அடித்தேன். அப்பா இருமினார். இருமல் நின்றதும், "எறும்பு எங்கிட்ட சொல்லிட்டுப் போவுதுடா, நீ கெளம்பு நாங்க பின்னாலயே வர்றோம்னு" என்றார். ஸ்பிரேயைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

கட்டில் கால் நான்குக்கும் கீழே கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். வாசற்பக்கத்து முருங்கைக்கிளை சன்ஷேடில் உரசிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரிசை போய் வந்துகொண்டிருந்ததைப் பார்த்து கிளையை வெட்டினேன். சன்னலுக்குக் கீழே இருந்த விரிசலில் வெள்ளை சிமெண்ட் பூசினேன். யூடியூபில் எறும்பைப் பற்றி இந்த உலகத்தில் யார் பேசியிருந்தாலும் கேட்டேன். முதலில் ஒரே ஒரு எறும்பு வேவு பார்க்க வருமாம். ஏதாவது கிடைத்தால் திரும்பிப் போகும்போது தரையில் வாசனையைத் தடவிக்கொண்டே போகுமாம். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வருமாம். கண்ணில் பட்டதை மட்டும் நசுக்கினால் புண்ணியம் இல்லை, சோப்புத் தண்ணீரால் வழியைத் துடைக்க வேண்டும் என்றார்கள். துடைத்தேன். என் வாழ்க்கையில் அந்த வீட்டை நான் அப்படித் துடைத்ததில்லை. மனைவிக்கு வீடியோ காலில் காட்டினேன். "மாமாவுக்கு எறும்பு வந்தாத்தான் துடைப்பியா?" என்றாள். நியாயமான கேள்வி.

அப்படியும் வந்தன. கிண்ணத்துத் தண்ணீர் அப்படியே இருக்கிறது, ஒரு எறும்புகூட அதில் மிதக்கவில்லை, ஆனால் கட்டில்மேல் எறும்பு. பறந்து வருகின்றனவா என்று நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள்.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தபோது யாரிடமும் சொல்ல முடியவில்லை. மெத்தை நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு ஃபிளெக்ஸ் ஷீட்டை விரித்திருந்தேன். காதுகுத்து பேனர். போன் நம்பர் தப்பாக விழுந்ததால் பார்ட்டி வேண்டாம் என்று விட்டுப்போனது. மொட்டையடித்த ஒரு பாப்பாவின் சிரிப்பின் மேல்தான் அப்பா படுத்திருந்தார். அது கட்டிலைவிடப் பெரிது. ஒரு பக்கம் தொங்கித் தரையைத் தொட்டது. பாப்பாவின் காதோரமாக ஏறி, "அனைவரும் வருக" என்ற எழுத்தின் மேல் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. நாலு காலுக்கும் அகழி வெட்டிவிட்டு, நடுவில் நானே பாலம் போட்டு, வரவேற்பு பேனரும் கட்டியிருந்தேன்.

கத்தரியால் தொங்கியதை வெட்டினேன். அப்பாவிடம் சொன்னபோது வாயின் வலது பாதியால் சிரித்தார். எச்சில் இடது பக்கமாக வழிந்தது. துடைத்துவிட்டேன். "தொழில்காரன்டா நீ" என்றார்.

அதன்பிறகு ஒரு வாரம்போல எறும்பு இல்லை. அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து, செல்போன் டார்ச்சை அடித்துக் காலைப் பார்த்தாள். தடிப்பெல்லாம் ஆறியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "எளைச்சிட்டாருடா" என்று மட்டும் சொன்னாள். "வயசாவுதில்லக்கா" என்றேன். காலித் தட்டைக் காட்டினேன். இட்லி, மல்லாட்டைப் பொடி, நல்லெண்ணெய், எல்லாவற்றையும் தன் கையாலேயே சாப்பிட்டு முடித்திருந்தார். ஊட்டிவிட வந்தால் கத்துவார். "நான் இன்னா கொழந்தையா? தட்ட வெச்சிட்டு வெளிய போ. நீ வாயப் பாத்துக்கினு நின்னா எனக்கு எறங்காது." பின்தெரு அம்மாவையும் அப்படித்தான் விரட்டுவார். தட்டு எப்போதும் காலியாகத்தான் திரும்பும். அக்கா போனதும் வலது கண்ணைச் சிமிட்டினார். "ஜெயிச்சிட்டோம்டா."

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. எறும்பும் வந்தது. இந்த முறை சுவர்ப் பக்கமாக.

எனக்கு வெறி பிடித்தது என்றே சொல்லலாம். கேரம் போர்டுக்குப் போடும் பவுடரைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தால், எறும்பு அதைப் புற்றுக்கே தூக்கிக்கொண்டு போய் மொத்தக் குடும்பத்துக்கும் கொடுக்கும், பொறுமையாக இருந்தால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் வீடியோவில் சொன்னார். பாட்டில் மூடிகளில் ஊற்றி, சுவரோரமாக வைத்தேன். பந்தி பரிமாறிவிட்டு ஓரமாக நிற்கும் கல்யாண வீட்டுக்காரன்போலக் காத்திருந்தேன். ஒரு எறும்பு வந்து மூடியைச் சுற்றிவிட்டுப் போயிற்று. அடுத்தது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெல்லத்தை வைத்தேன். அதையும் தொடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு எறும்புகூட மதிக்காத ஆளாகிவிட்டேனே என்று உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை லீவு. மழை விட்டு வெயில் அடித்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு எதையும் கொல்லப்போவதில்லை, எங்கே போகின்றன என்று மட்டும் பார்ப்போம் என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். வரிசை சன்னல் கட்டையிலிருந்து சுவர் வழியாக இறங்கிக் கட்டிலுக்குப் பின்னால் மறைந்தது. திரும்பி வருகிற எறும்புகளைப் பார்த்தேன். வெறும் வாயோடு வரவில்லை. ஒவ்வொன்றும் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு வந்தது. மல்லாட்டைப் பொடி. இவ்வளவு நல்ல சாப்பாடு உள்ளே இருக்கும்போது என் சர்க்கரைப் பாகை எதற்குத் தொட வேண்டும்?

கட்டிலை மெதுவாக இழுத்தேன். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டேன். ஃபிளெக்ஸுக்கு அடியில் எதுவோ தட்டுப்பட்டது. மருந்துக்கடைக் கவர். சுருட்டி முடிச்சுப் போட முயன்று, ஒரே கையால் முடியாமல் அப்படியே திணித்தது. உள்ளே இட்லி. கடித்து, மென்று, துப்பிய இட்லி. அடுத்தது கஞ்சியில் நனைத்த பன். இன்னொன்று சோறு. பழையது, புதியது, புளித்தது, காய்ந்தது. கையை உள்ளே விட விட வந்துகொண்டே இருந்தது. அறையில் ஒரு வாடை இருந்ததை நான் மருந்து வாடை என்று நினைத்து ஃபினாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எறும்புகள் என் கையில் ஏறிக் கடித்தன. தட்டிவிடத் தோன்றவில்லை.

அப்பா விழித்துவிட்டார். என் கையில் இருந்த கவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"எத்தினி நாளா முழுங்க முடியலப்பா?"

"முடியும். கொஞ்சம் லேட்டாவும்."

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா நீ உங்கக்காவுக்கு போன் போடுவ. அவ ஆஸ்பத்திரிக்கு இட்னு போவா. அங்க மூக்குல குழாய வுடுவான். அப்புறம் இந்த வூட்டுக்கு என்னை எவன் தூக்கிக்கினு வருவான்?" மூச்சு வாங்கியது. பிறகு சுவரைக் காட்டினார். "இதுங்கதான் காட்டிக் குடுத்துச்சிங்களா? இத்தினி நாளு சோறு போட்டேனே."

நான் சிரித்தேன். சிரித்தால்தான் அவருக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் சத்தம் சிரிப்பு மாதிரி வரவில்லை. அவர் வலது கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தார்.

"நீ பாக்கலன்னு வெச்சிக்கோடா."

அவ்வளவு மெதுவாக என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கேப்பைக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஸ்பூனில் கால்வாசி எடுத்து, வலது பக்கமாக ஊற்றினேன். இந்த முறை வெளியே போ என்று அவர் சொல்லவில்லை. தொண்டையில் மேடு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இறங்கியது. இன்னொரு ஸ்பூன். அதுவும் இறங்கியது. "பாத்தியா" என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். இரண்டு பேரும் சேர்ந்து அக்காவை ஏமாற்றிவிடலாம் என்று நான் நம்பத் தொடங்கிவிட்டேன். கஞ்சி, மோர், இளநீர் என்று ஒரு பட்டியலே மனதில் ஓடியது.

மறுநாள் காலையில் கஞ்சி மூச்சுக்குழாயில் போய்விட்டது. முகம் நீலம் பாரித்தது. வலது கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. அவரை நிமிர்த்தி முதுகில் தட்டினேன், தெருவுக்கு ஓடினேன், திரும்பி ஓடிவந்தேன், வாசல் படியில் இடித்துக்கொண்டேன், மறுபடி தட்டினேன். எறும்புக்கு அலறியவன் அன்று ஒரு சத்தம்கூடப் போடவில்லை. பின்தெரு அம்மா வந்து அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு மூச்சு வந்தது. கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போனை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா வந்து இறங்கியதும் திட்டுவாள் என்று நினைத்தேன். கவர்களைப் பற்றிச் சொன்னதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "தடிப்பத்தான பாத்தேன். தட்டு காலியா இருக்குதேன்னு நானும் நம்பிட்டேன்டா" என்றாள். வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரில் வாசலைத் தாண்டும்போது அப்பா வலது கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இல்லை. ஆனாலும் யாருக்கும் எடுத்துவிட மனம் வரவில்லை. வண்டிக்காரர்தான், "பெரியவரே, கை நசுங்கிடும்" என்று சொல்லி விரல்களைப் பிரித்தார்.

விழுப்புரத்தில் குழாய் போட்டார்கள். பிறகு அக்கா வீட்டு இரண்டாவது மாடியில் படுக்கவைத்தோம். குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் போயிற்று. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததுகூட உண்மைதான். தினமும் கடையை மூடிவிட்டுப் போவேன். வாடிக்கையாளர்களைப் போல மிமிக்ரி செய்வேன், அக்கா வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பார். அந்தச் சுவரில் ஒரு எறும்பு கிடையாது. அக்கா பெருமையாகச் சொன்னாள், "பாரு, ஒண்ணுகூட வரல." வருவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் நான் கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார்.

"வூட்டப் பூட்டிட்டியா?"

"பகல்லதாம்ப்பா பூட்டறேன். ராத்திரி நான் அங்கதான் இருக்கேன்."

"வெளக்கு போடுறியா?"

"போடறேன்."

"அது போதும்" என்றார். என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் கிண்டல் செய்திருப்பார். கேட்டிருக்கலாம்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் அவர் போனார். விழுப்புரத்தில், அந்த மாடியில், தூக்கத்தில். அக்காதான் சொன்னாள், "நம்ம வூட்டுக்கு எடுத்துக்கினு போலாம்டா." திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தோம். கண்ணீர் அஞ்சலி பேனரை என் கடைப் பையன்களே அடித்துக் கொண்டுவந்து கட்டினார்கள். கமிட்டி ஆட்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, கடைசியில் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அக்கா போட்டாள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டார்கள். மூடிய உதட்டில் பட்டு, அரிசி இரண்டு கன்னத்திலும் வழிந்து கழுத்தில் குவிந்தது.

என் முறை வந்தது. விரல் நுனியில் நாலு அரிசியை எடுத்து, வாயின் வலது ஓரமாக வைத்தேன்.

"இன்னாப்பா இது, கொள்ளி வெக்கிற புள்ள நீ. நல்லா அள்ளிப் போடு" என்றார் பங்காளிப் பெரியப்பா.

"போதும் பெரிப்பா. அவரால முழுங்க முடியாது" என்றேன்.

நான் எப்போதும்போல ஏதோ ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா அரிசித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அக்கா மட்டும் முந்தானையை எடுத்து, அப்பாவின் கழுத்தில் சேர்ந்திருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கத் தொடங்கினாள்.